ஆந்தை உட்கார்ந்த மொட்டைமாடி

ஆலங்காயத்தைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் பூவரசன் காரின் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினான்.

"இதுக்கு மேலயும் ஏசி போட்டா மலைக்கு கோவம் வந்துடும் மேடம்."

தன் உதவியாளனின் கிண்டலுக்கு ரேணுகாதேவி சிரிக்கவில்லை. மடியில் இருந்த டேப்லெட்டில் அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டிருந்தாள். வேலூரில் துப்பறியும் அலுவலகம் தொடங்குவதற்கு முன் அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தவள். செத்துப்போனவர்களின் கடைசி நிமிடங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது பழகிய வேலைதான். ஆனால் இந்த வீடியோவில் செத்துப்போனவன் தெரியவில்லை. அவன் படம்பிடித்த ஆந்தைதான் தெரிந்தது.

அவன் பெயர் கோகுல்ராஜ். சென்னை நகரத்துக்குள் வாழும் காட்டுயிர்களைப் படம்பிடிப்பவன். செல்போன் கோபுரத்தில் குஞ்சு பொரித்த வல்லூறு, சாக்கடை ஓரத்துக் கீரி, அடுக்குமாடிக் குடியிருப்பின் கேபிள் ஒயரில் நடந்துபோகும் மரநாய் என்று, நகரத்து ஜனங்கள் தலைக்கு மேலே இருந்தும் பார்க்காததையெல்லாம் காத்துக் கிடந்து எடுத்தவன். அவனுடைய சேனலைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்று, சென்னையின் இரவு விலங்குகளைப் பற்றி முழுநீளப் படம் கேட்டிருந்தது. அந்த வேலைக்கு நடுவில்தான், சென்னைப் பெரும்பாக்கம் பக்கம் பாதி கட்டி நின்றுபோன ஒரு கட்டடத்தின் கீழே கோகுல்ராஜ் பிணமாகக் கிடந்தான். பக்கத்தில் கேமரா. கேமராவில் முந்தின இரவு எடுத்த ஆந்தை வீடியோ. ஆந்தையைப் படமெடுக்கும்போது மாடியிலிருந்து தவறி விழுந்தான் என்று எழுதி போலீஸ் விஷயத்தை முடித்துவிட்டது.

முடியவில்லை என்றவள் அவன் மனைவி சுவேதா. இப்போது ஒடுகத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். போன வாரம் வேலூர் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு சந்தேகத்தைச் சொன்னாள். அன்று பீரோவில் இருந்த ஸ்வெட்டரை அவன் எடுத்துப் போயிருக்கிறான். பெரும்பாக்கத்தில் படமெடுக்கப் போகிறவனுக்கு ஸ்வெட்டர் எதற்கு?

"இன்னொரு தபா போடுங்க மேடம்," என்றான் பூவரசன், வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபடி. "ஆந்தைக்கு என் மூஞ்சி மனப்பாடம் ஆயிடுச்சு. பதிலுக்கு நானும் அதை மனப்பாடம் பண்ணணும்ல."

வீடியோ சிறியது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் கூகை ஆந்தை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பின்னால் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, தூரத்தில் மங்கலாக நகரத்து விளக்குகள். ஆந்தை தலையைத் திருப்புகிறது. சட்டென்று எழும்பிப் பறக்கிறது. கேமரா அதைத் துரத்திக்கொண்டு மேலே போகிறது. ஆந்தை சட்டகத்தை விட்டுப் போனதும் வெறும் வானம் மட்டும் நிற்கிறது. அத்தோடு வெட்டுப்படுகிறது.

போலீஸ் ஆந்தையைப் பார்த்தது. ரேணுகாதேவி வானத்தைப் பார்த்தாள். அள்ளித் தெளித்த மாதிரி நட்சத்திரம்.

அதைச் சொன்னபோது பூவரசன், சென்னையில் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் சினிமா போஸ்டரைத்தான் பார்க்க வேண்டும் என்றான். பிறகு அவனே படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். கேமரா மேலே போகும் அரை நொடியில் ஒரு தெருவிளக்கு வந்துபோகிறது. அதன் தலையில் தகரத் தொப்பி. வெளிச்சம் மேலே போகாமல் தரையில் மட்டும் விழுகிறது. அவனுடைய அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஆலங்காயத்தில். காவலூரில் வானம் பார்க்கிற தொலைநோக்கி நிலையம் இருப்பதால், அங்கே சுற்றுவட்டாரத்தில் விளக்குகளுக்குத் தொப்பி மாட்டியிருப்பதை அவன் பார்த்திருக்கிறான். நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்குப் பூமியின் வெளிச்சம் ஆகாது.

ஸ்வெட்டர், நட்சத்திரம், தொப்பி. இந்த மூன்றையும் நம்பித்தான் கார் ஏறிக்கொண்டிருந்தது.

காவலூரில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஆனாலும் காற்றில் குளிர் இருந்தது. படம் எடுக்க வந்தவர்கள் எங்கே தங்கியிருந்தார்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஊரைத் தாண்டித் தனியாக நின்ற இரண்டு வீடுகளில் ஒன்றைப் பார்த்ததுமே பூவரசன் பிரேக்கை மிதித்தான்.

"மேடம், இந்த ஊர்ல ஏசி வெச்சிக்கிற அளவுக்கு எவனுக்கு உடம்பு சூடு?"

மாடிச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி ஒன்று துருப்பிடித்துத் தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாயும் எங்கேயும் போகவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் புளி காயவைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி முறத்தை வைத்துக்கொண்டு புளியிலிருந்து எதையோ பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். பெயர் திரௌபதி என்றாள். ஷூட்டிங்காரர்களா என்று அவளாகவே கேட்டாள். ரேணுகாதேவி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வீடு அவள் கொழுந்தனாருடையது. பெங்களூரில் வேலை செய்கிறார். படமெடுக்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். மாடி கட்டி முடிக்காத வீடு. சாவி திரௌபதியிடம்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"மேல பாத்து நடங்க. எல்லாம் டூப்பு."

படியேறி மொட்டைமாடிக்குப் போனதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

அங்கே சென்னை இருந்தது. சென்னையின் ஏதோ ஒரு மொட்டைமாடியைப் பெயர்த்துக்கொண்டு வந்து மலைமேல் வைத்தது போல. கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் 044 என்று தொடங்கும் போர்வெல் கம்பெனி நம்பர். டிஷ் ஆன்டெனா. துணி காயப்போடும் கொடி, கொடியில் வெளுத்துப்போன பள்ளிக்கூடச் சட்டை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு விளம்பரம் பாதி கிழிந்த சுவர். வயல் தாண்டி, தூரத்து மரங்களுக்கு இடையே கம்பு நட்டு, சரம் சரமாகச் சீரியல் பல்பு கட்டியிருந்தது. கேமராவில் மங்கலாக்கினால் அதுதான் நகரத்து விளக்கு.

பூவரசன் சுவரில் விரலால் தட்டினான். சிமென்ட் சத்தம் வரவில்லை.

"தெர்மகோல் மேடம். சென்னையில வூட்டு வாடகை அதிகம்னு சென்னையையே இங்க கொண்டாந்துட்டாங்க."

சொல்லிவிட்டு அவனே கை நீட்டிக் காட்டினான். தெர்மகோல் சுவர் ஓரிடத்தில் உடைந்திருந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு ஓட்டை. அதை நீலத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ரேணுகாதேவி தார்ப்பாயை விலக்கிக் கீழே பார்த்தாள். கீழே கருங்கல் குவியல். அதற்கு அப்பால் திரௌபதியின் புளி காயும் வாசல்.

திரௌபதி முறத்திலிருந்து பொறுக்கி எறிந்தது என்ன என்று இப்போது புரிந்தது. வெள்ளை வெள்ளையாகத் தெர்மகோல் மணிகள். உடைந்த சுவரிலிருந்து காற்றில் பறந்து போய்ப் புளியில் ஒட்டிக்கொண்டவை.

ரேணுகாதேவி டேப்லெட்டை எடுத்துக் கடைசியாக ஒருமுறை அந்த வீடியோவைப் பார்த்தாள். ஆந்தை உட்கார்ந்தது எதிரே இருந்த நிஜச் சுவரில். பறந்தது தலைக்கு மேலாக. அதைத் தொடர வேண்டுமானால் கேமராவை நிமிர்த்திக்கொண்டே பின்னால் போக வேண்டும். பின்னால் போனால் முதுகு படுவது இந்த தெர்மகோல் சுவரில்.

"பூவரசா, நாம இத்தனை நாளா பாத்தது ஆந்தை வீடியோ இல்ல. அவன் விழுற வீடியோ. விழுந்ததை மட்டும் வெட்டி எடுத்துட்டாங்க."

வெட்டியது யார் என்பதில் சந்தேகமே இல்லை. கோகுல்ராஜுக்கு ஒரே ஒரு கூட்டாளி. நவீன்குமார். கல்லூரியிலிருந்தே சிநேகிதன். கேமரா தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன். சம்பவம் நடந்த இரவு தான் வேறு வேலையாகப் போயிருந்ததாகவும், கோகுல் தனியாகத்தான் பெரும்பாக்கம் போனான் என்றும் போலீசுக்குச் சொன்னவன். அவனை இங்கே வரவழைக்க ரேணுகாதேவி நேற்றே ஏற்பாடு செய்திருந்தாள். வீடியோவில் நட்சத்திரம் நிறையத் தெரிகிறதே, அதை ஒருத்தர் கேட்கிறார் என்று மட்டும் சுவேதா அவனிடம் போனில் சொல்லியிருந்தாள். மடியில் கனமிருந்தால் மலைக்கு ஓடிவருவான் என்பது கணக்கு.

"புடிச்சி தள்ளிட்டான், அப்படித்தானே மேடம்?" என்றான் பூவரசன். "படம் டூப்புன்னு கோகுல் வெளிய சொல்றேன்னு சொல்லியிருப்பான். இவன் தள்ளிட்டான்."

ரேணுகாதேவியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே திரௌபதி ஒரு கிண்ணத்தில் வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டு, வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் மூன்று கூண்டுகள். இரண்டு காலி. மூன்றாவதில் ஒரு மரநாய் மூலையில் சுருண்டிருந்தது. வாலில் பாதி முடி உதிர்ந்திருந்தது. நெடுநாள் அடைபட்டுக் கிடந்ததன் நாற்றம் கொட்டகை முழுக்க இருந்தது. சென்னை கேபிள் ஒயரில் நடக்க வேண்டிய மரநாய் அதுதான். மலையில் யாரோ கண்ணி வைத்துப் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். ஆந்தை பறந்துவிட்டது, இதையும் விட்டுவிடலாம், ஆனால் படமெடுக்க வந்தவர் திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று திரௌபதி கிண்ணத்தைக் கூண்டுக்குள் தள்ளியபடி சொன்னாள். அப்புறம் திரும்பி ரேணுகாதேவியைப் பார்த்தாள்.

"நானே கேக்கணும்னு இருந்தேங்க. அந்தத் தம்பி இப்ப நல்லா கீறாருங்களா? இடுப்பு எலும்பு கூடிச்சா?"

ரேணுகாதேவி பூவரசனைத் திரும்பிப் பார்த்தாள். பூவரசன் கூண்டுக் கம்பியைப் பிடித்தான்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரௌபதியே சொல்லத் தொடங்கினாள். அன்றைக்கு இருட்டியிருந்த நேரம் மேலே ஏதோ உடைந்த சத்தம் கேட்டு ஓடிவந்தாளாம். கோகுல்ராஜ் கல்குவியலில் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. ஆனால் நினைவு இருந்தது. தண்ணீர் கேட்டான். பயப்படாதீங்க அக்கா என்று இவளுக்குத் தைரியம் சொன்னான். விழுந்தபோது நவீன்குமார் மாடியில் இல்லை. தூரத்தில் சீரியல் பல்பு எரிகிறதா என்று வயலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து அவன் ஓடிவந்ததை அவளே பார்த்தாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் அவள்தான். கிளம்பிட்டோம், அசைக்காதீங்க என்று சொன்னார்கள்.

"அதுக்குள்ள இவரு, ஆம்புலன்சு வர்ற வரைக்கும் தாங்காதுன்னு சொல்லி, ஆள் புடிச்சி கார்ல பின்னாடி படுக்க வெச்சிட்டாரு. வேணாங்க, அசைக்கக் கூடாதுன்னாங்கன்னு நான் சொன்னேன். கேக்கல. நான்தான் என் வூட்டுப் போர்வையைப் போத்தி வுட்டேன்."

"அப்புறம் ஆம்புலன்ஸ் வந்துச்சா?" என்றாள் ரேணுகாதேவி.

"வந்துச்சுங்க. கொஞ்ச நேரத்துலயே வந்துச்சு. ஆளைக் காணமேன்னு கேட்டாங்க. கார்ல போய்ட்டாருன்னேன். டிரைவரு தலையில கை வெச்சிக்கிட்டாரு. கீழ வளைவுல வெள்ளைக் காரு ஒண்ணு இறங்கி வந்துச்சாம். பாதை சின்னதுன்னு இவங்கதான் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, ஒதுங்கி, அந்தக் காருக்கு வழி வுட்டாங்களாம். நிறுத்தவே இல்லயாம்."

கொட்டகைக்குள் மரநாய் வாழைப்பழத்தை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரேணுகாதேவி திரௌபதியின் கையைப் பிடித்து, அந்தத் தம்பி இறந்துவிட்டார் என்று சொன்னாள். சென்னையில் கண்டெடுத்தார்கள் என்றாள். திரௌபதி நம்பாதவள் போல அவளையே பார்த்தாள். சென்னைக்கு எதுக்குப் போனாங்க, ஆலங்காயத்துலயே ஆஸ்பத்திரி இருக்குதே என்று மெல்லிய குரலில் கேட்டாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

பூவரசன் ஏதாவது சொல்வான் என்று ரேணுகாதேவி எதிர்பார்த்தாள். அவன் கொட்டகையை விட்டு வெளியே போய்ச் சாலையைப் பார்த்தபடி நின்றான்.

அரை மணி நேரத்தில் மினி லாரி ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் வெள்ளைக் கார். நவீன்குமார் இறங்கினான். சென்னையைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போக இரண்டு கூலியாட்களையும் கூட்டி வந்திருந்தான். முகத்தில் பல நாள் தாடி. வாசலில் நிற்பவர்களைப் பார்த்ததும் ஓடவில்லை, கோபப்படவும் இல்லை. ஆட்களை லாரியிலேயே இருக்கச் சொன்னான். ரேணுகாதேவி தான் யார் என்று சொன்னாள். அவனை மாடிக்கு அழைத்துப் போனாள்.

தார்ப்பாய் விலகிக் கிடந்த ஓட்டையைப் பார்த்ததும் அவன் கேட்காமலே பேசினான்.

"நான் தள்ளல மேடம்."

"தெரியும்."

அந்த ஒரு வார்த்தை அவனை உடைத்துவிட்டது. தொட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். படத்துக்காகச் சென்னையில் பல மாதம் மாடி மாடியாகக் காத்துக் கிடந்ததைச் சொன்னான். மரநாய் வந்தால் வெளிச்சம் சரியில்லை, ஆந்தை வந்தால் யாராவது டார்ச் அடித்து விரட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டில் கேட்டதோ ஒரே மாடியில் இரண்டும். கெடு நெருங்கியது. மலைமேல் செட் போடலாம் என்ற யோசனை இவனுடையது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒத்துக்கொண்டவன் கோகுல். ஒத்துக்கொண்ட பிறகு ஒவ்வொரு சுவருக்கும் அவன்தான் கறை தீட்டினான். இந்தச் சுவரை வரைந்ததும் அவனே. ஆந்தை பறந்த வேகத்தில் அதை மறந்துவிட்டான்.

"இங்க ஆஸ்பத்திரில சேத்தா போலீஸ் கேஸ் ஆகும். காவலூர்ல இன்னா பண்ணீங்கன்னு கேப்பாங்க. கூண்டைப் பாப்பாங்க. அவன் இத்தனை வருஷமா எடுத்த நிஜப் படத்தையும் பொய்யின்னு சொல்லிடுவாங்க. கார்ல ஏத்தும்போது அவனே சொன்னான் மேடம், இங்க வேணாம்டா, சென்னைக்குப் போயிடலாம்னு. சத்தியமா அவன்தான் சொன்னான்."

ரேணுகாதேவி அதை நம்பினாள். அவன் குரலில் பொய் இல்லை. இத்தனை நாளும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவன் தூங்கியிருப்பான் என்று தோன்றியது. இன்ஷூரன்ஸ் வேலையில் இப்படி வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டிருந்த பலரை அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் யாரும் அந்த வாக்கியத்துக்கு அடுத்து வந்ததைத் தாங்களாகச் சொன்னதில்லை.

"கார்ல ஏத்தும்போது அப்படிச் சொன்னான். அதுக்கப்புறம்?"

அவன் தலை நிமிரவில்லை.

"வழி விட்டு நின்ன ஆம்புலன்ஸைப் பாத்தானா?"

கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காற்றில் ஆடியது. நவீன்குமார் முதலில் தலையைத்தான் ஆட்டினான். அப்புறம்தான் வார்த்தை வந்தது.

"சைரன் கேட்டு, நிறுத்துடா நிறுத்துடான்னான். ஆலங்காயம் வந்ததும் எந்த ஆஸ்பத்திரின்னாலும் பரவாயில்ல, எறக்கி வுடுன்னான். வாணியம்பாடில மறுபடி சொன்னான். இவ்ளோ தூரம் வந்துட்டோம், இனிமே சென்னைக்கே போயிடலாம்னு நான்தான்..." நிறுத்தினான். "காஞ்சிபுரம் தாண்டினதுக்கு அப்புறம் அவன் பேசல."

மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரும்பாக்கத்துக் கட்டடம், பக்கத்தில் வைத்த கேமரா, வெட்டிய வீடியோ. ரேணுகாதேவி ஆலங்காயம் போலீசுக்கும் வனத்துறைக்கும் போன் செய்தாள். கீழே பூவரசன் வெள்ளைக் காரின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டு அடியில் வந்து நின்றான். ஓடிப்போகிற நிலையில் நவீன்குமார் இல்லை. ஆனாலும் நின்றான்.

அடுத்து அழைக்க வேண்டியது சுவேதாவை.

முதல் மணியிலேயே எடுத்தாள். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும். ரேணுகாதேவி சுற்றி வளைக்காமல் சொன்னாள். காவலூர் என்றாள். செட் என்றாள். கூண்டுகளையும் சொன்னாள். கோகுலும் அதில் உடந்தை என்பதையும் மறைக்கவில்லை. பிறகு சுவேதா, நவீன் தள்ளிவிட்டானா என்று கேட்டாள். இல்லை, அவராகத்தான் விழுந்தார் என்றாள் ரேணுகாதேவி.

சுவேதா நீளமாக மூச்சு விட்டாள். அழுகிறாளா, ஆறுதலா என்று தெரியவில்லை.

"அப்ப விழுந்த உடனே உயிர் போயிடுச்சுங்களா மேடம்? வலி தெரிஞ்சிருக்காதுல்ல?"

ரேணுகாதேவிக்கு ஆமாம் என்று சொல்வது எளிது. ஒடுகத்தூரில் ஒரு பெண் இன்று இரவு கொஞ்சம் தூங்குவாள். ஆனால் ஒருநாள் கோர்ட்டில் திரௌபதி ஏறி நின்று உண்மையைச் சொல்லும்போது, அந்தத் தூக்கத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். நவீன்குமாரின் முன்னால் தரையில் வைத்தாள்.

"கூட இருந்தவன் நீதான். நீயே சொல்லு."

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒடுகத்தூரிலிருந்து அந்தக் குரல் இரண்டு முறை ஹலோ என்றது. மூன்றாவது முறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"சுவேதா," என்றான் நவீன்குமார். "அவன் ரொம்ப தூரம் பேசிக்கிட்டேதான் வந்தான்."